வேக்போர்டுக்கு எந்த புரொப்பெல்லர்? 5.0 லிட்டர் வி8, 19 பிட்ச், ஆள் ஏறினால் இழுவை போதவில்லை

நீர்மேடு:

வணக்கம். படகு 21 அடி பவ்ரைடர் (முன்பக்கமும் இருக்கை உள்ள படகு), ஸ்டெர்ன்டிரைவ் (எஞ்சின் உள்ளே, புரொப்பெல்லரைச் சுற்றும் டிரைவ் பின்விளிம்புக்கு வெளியே). 5.0 லிட்டர் வி8, கியர் ரேஷியோ 1.62 (எஞ்சின் 1.62 சுற்று சுற்றினால் புரொப்பெல்லர் ஒரு சுற்று). படகோடு வந்த மூன்று பிளேடு அலுமினிய ப்ராப் (புரொப்பெல்லர்), 19 பிட்ச் (வழுக்காவிட்டால் ஒரு சுற்றுக்கு முன்னேறும் தூரம், அங்குலத்தில்), இன்னும் அதுதான் ஓடுகிறது. முழு த்ராட்டிலில் எஞ்சின் 4400 முதல் 4800 ஆர்பிஎம் (நிமிடத்துக்குச் சுற்று) வரை நிற்க வேண்டும் என்று கையேடு சொல்கிறது.

அளந்த கணக்கு இது. இரண்டு பேர், அரை டேங்க், பாலஸ்ட் (அலையைப் பெரிதாக்க ஏற்றும் எடை) இல்லாமல்: முழு த்ராட்டிலில் 4600 ஆர்பிஎம், ஜிபிஎஸ்ஸில் மணிக்கு 73 கி.மீ. ஆறு பேர், 450 கிலோ தண்ணீர்ப் பைகளோடு: 4100 ஆர்பிஎம், 61 கி.மீ. வேக்போர்டு (படகு கயிற்றால் இழுக்க, பலகையில் நின்று போவது) வேகமான 35 கி.மீ.க்கு ஏறத்தாழ 2900 ஆர்பிஎம்.

சிக்கல் மேல் வேகத்தில் இல்லை. சுமையோடு பிளேனுக்கு (படகு எழும்பித் தண்ணீரின் மேல் சறுக்கும் நிலைக்கு) ஏற 9 விநாடி ஆகிறது, அதுவரை மூக்கு வானத்தைப் பார்க்கிறது. போர்டில் இருப்பவர் பக்கவாட்டில் வெட்டிப் போனால் வேகம் 2, 3 கி.மீ. விழுகிறது. புதிதாகக் கற்பவர்களுக்காக 30 கி.மீ.க்குக் குறைத்தால் படகு பிளேனில் நிற்பதில்லை.

மூன்று பிளேடா, நான்கா? பிட்ச் எத்தனை குறைப்பது? ஸ்டெயின்லெஸ் அவசியமா? இதே படகில் வேக்சர்ஃபும் (கயிற்றை விட்டுவிட்டு படகின் அலையிலேயே சறுக்குவது) செய்யலாமா?

---

கியர்கேஸ்:

வெற்றுப் படகு, சுமைப் படகு இரண்டையும் தனித்தனியாக அளந்து, ஜிபிஎஸ் வேகத்தோடு கொடுத்திருக்கிறீர்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிட்டது.

முதலில் ஸ்லிப்பை, அதாவது ப்ராப் தண்ணீரில் வழுக்கி இழக்கும் சதவீதத்தைப் பார்ப்போம். ஆர்பிஎம்மைக் கியர் ரேஷியோவால் வகுத்து, அங்குலப் பிட்சால் பெருக்கி, 0.001524ஆல் பெருக்கினால், துளியும் வழுக்காத ப்ராப் போயிருக்க வேண்டிய வேகம் கி.மீ. கணக்கில் கிடைக்கும். வெற்றுப் படகுக்கு 4600 ÷ 1.62 × 19 × 0.001524 = 82.2. நீங்கள் போனது 73. ஸ்லிப் 11 சதவீதம். சுமையோடு 73.3 வர வேண்டிய இடத்தில் 61, அதாவது 17 சதவீதம். இந்த மாதிரிப் படகுக்கு இரண்டுமே ஒழுங்கான எண்கள்தான். ப்ராப் தண்ணீரைச் சரியாகவே பிடிக்கிறது, ஆனால் எஞ்சினால் அதைச் சுற்ற முடியவில்லை. பிட்ச் அதிகம். இதே சுமையில் ஸ்லிப் 25, 30 என்று வந்திருந்தால் பிட்சைத் தொடாதீர்கள் என்று சொல்லியிருப்பேன். அப்போது பிளேடு விளிம்பு வளைந்திருக்கும், ஹப் (ப்ராப்பின் நடுப்பகுதி) ரப்பர் பிடிப்பு விட்டுச் சுற்றியிருக்கும், அல்லது மேற்பரப்புக் காற்றை ப்ராப் உறிஞ்சிக்கொண்டிருக்கும். ஸ்லிப் பூஜ்யத்துக்கும் கீழே வந்தால் கியர் ரேஷியோவையோ டாக்கோமீட்டரையோ (ஆர்பிஎம் காட்டும் மீட்டர்) சந்தேகப்பட வேண்டும்.

டாக்கோமீட்டரை நம்பும் முன் ஒரு சோதனை. பல டாக்கோமீட்டர்களின் பின்புறம் 4, 6, 8 சிலிண்டர் தேர்வுக்குச் சின்ன திருகுச் சுவிட்ச் இருக்கும். ஈரத்தில் அதன் தொடுமுனை பச்சை பூத்து, முள் நூறு இருநூறு ஆர்பிஎம் பொய் சொல்லும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு அந்தச் சுவிட்சை இரண்டு பக்கமும் சில தடவை திருப்பி, மறுபடி 8இல் நிறுத்துங்கள். எஞ்சின் கணினியிலிருந்து நேரடியாகப் படிக்கும் கருவி கிடைத்தால் அதோடு ஒப்பிடுங்கள். 150 ஆர்பிஎம் பிழை என்றால் ஒரு அங்குலப் பிட்ச் தப்பாக வாங்கிவிடுவீர்கள்.

இப்போது உங்கள் எண்களில் எனக்கு முக்கியமாகப் படுவது. வெறும் படகுக்கும் சுமைப் படகுக்கும் இடையே 500 ஆர்பிஎம் வித்தியாசம். எஞ்சினுக்கு அனுமதித்த வரம்பு 400 அகலம்தான். இரண்டு நிலையிலும் வரம்புக்குள் நிற்கும் ஒற்றை ப்ராப் இந்தப் படகுக்கு இருக்க முடியாது. எந்த நிலைக்காக வாங்குகிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். பெரும்பாலும் வேக்போர்டு இழுக்கத்தான் படகு என்றால் சுமை நிலையை எடுத்துக்கொள்ளுங்கள். படகு விற்கும்போது போடப்படும் ப்ராப் இரண்டு மூன்று பேரோடு நல்ல மேல் வேகம் காட்டுவதற்கானது. உங்கள் 19 அந்தக் கணக்கில் மிகச் சரியான ப்ராப்.

ஒரு அங்குலப் பிட்ச் குறைத்தால் 150 முதல் 200 ஆர்பிஎம் கூடும். மூன்று பிளேடிலிருந்து நான்குக்குப் போனால் அதே பிட்சில் 50 முதல் 150 வரை குறையும். ஆகவே நான்கு பிளேடு, 17 பிட்ச் என்றால் சுமையோடு ஏறத்தாழ 4350லிருந்து 4400 எதிர்பார்க்கலாம். முதலில் அதைச் சோதியுங்கள். விட்டத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஸ்டெர்ன்டிரைவ் ப்ராப்களில் பிட்சுக்கு ஏற்ற விட்டத்தைத் தயாரிப்பாளரே வைத்துவிடுவார், பிட்ச் குறையும்போது விட்டம் கொஞ்சம் கூடும்.

நான்கு பிளேடு உங்கள் மூன்றாவது குறைக்கு நேரடி மருந்து. தண்ணீரைத் தள்ளும் பரப்பு அதிகம், படகின் பின்பகுதியைத் தூக்கிப் பிடிக்கும், குறைந்த வேகத்திலும் பிளேனை விடாது. திருப்பத்தில் காற்றை உறிஞ்சுவது குறையும், அதிர்வும் குறையும். இழப்பது மேல் வேகத்தில் சில கி.மீ. வேக்போர்டு 30க்கும் 38க்கும் இடையில் நடக்கிற விளையாட்டு, அந்த இழப்பை யாரும் உணரப்போவதில்லை.

ஸ்டெயின்லெஸ் நல்லதுதான். பிளேடு மெல்லியது, வளையாது, பின்விளிம்புக் கப் (சின்ன மடிப்பு) தேயாமல் நிற்கும். அலுமினியம் கனத்த சுமையில் லேசாக வளைந்து பிட்சை இழக்கும். ஆனாலும் உங்கள் நிலையில் நான்காவது பிளேடு தரும் லாபம் உலோகம் மாற்றுவதால் வரும் லாபத்தைவிடப் பெரியது. ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் நான்கு பிளேடு அலுமினியம் வாங்குங்கள். ஆழம் குறைந்த, கல் நிறைந்த நீர்நிலை என்றாலும் அலுமினியமே மேல்.

---

பின்னலை:

கியர்கேஸ் அண்ணன் கணக்கில் தவறில்லை, முடிவில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து. 17 இவருக்குப் போதாது. நான்கு பிளேடு 15க்கே நேராகப் போகலாம்.

காரணம் இது. வெற்றுப் படகில் எஞ்சின் வரம்பைத் தாண்டினால் த்ராட்டிலைக் கொஞ்சம் பின்னிழுத்தால் போதும், பெரும்பாலான எஞ்சின்களில் ரெவ் லிமிட்டரும் (அளவு மீறிச் சுற்றாமல் தடுப்பது) இருக்கிறது. சுமையில் திணறும் எஞ்சினுக்கு அப்படி ஒரு வழி கிடையாது. த்ராட்டில் முழுக்கத் திறந்திருக்கும், காற்றும் எரிபொருளும் நிறையப் போகும், ஆர்பிஎம் மட்டும் ஏறாது. சிலிண்டருக்குள் அழுத்தமும் சூடும் கூடும், நாக்கிங் (எரிபொருள் நேரம் தப்பி எரிந்து தட்டுவது) வரும், பிஸ்டனும் ஹெட் கேஸ்கெட்டும் அடி வாங்கும். வேக்போர்டு படகு ஒவ்வொரு தடவை ஆளைத் தூக்கும்போதும் இந்தத் திணறல் வழியாகத்தான் போகிறது, ஒரு நாளில் எத்தனை தடவை என்று நினைத்துப் பாருங்கள்.

வெப்பமும் உயரமும் சேர்ந்தால் இன்னும் மோசம். ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்துக்கு 3 சதவீதம் சக்தி போய்விடும். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் மேலே இருக்கும் ஏரி என்றால் 260 குதிரைத்திறன் எஞ்சின் 237 போலத்தான் இழுக்கும்.

வேக்சர்ஃப் கேள்விக்கு: கூடாது. ஸ்டெர்ன்டிரைவிலும் அவுட்போர்டிலும் ப்ராப் படகின் பின்விளிம்புக்கு வெளியே, சர்ஃபர் விழும் இடத்துக்கு அருகிலேயே சுற்றுகிறது. சர்ஃபர் படகிலிருந்து சில அடி தூரத்தில் நிற்கிறார், கயிற்றை விட்டுவிட்டு நிற்கிறார். புகையும் அங்கேயேதான் வெளியேறும், கார்பன் மோனாக்சைடு வாசனை தெரியாத விஷம். எந்த ப்ராப் போட்டாலும் இந்த ஆபத்து மாறாது. இன்போர்டில் (எஞ்சின் படகுக்குள், ஷாஃப்ட் அடிப்பாகம் வழியே வெளியே போகும் வகை) ப்ராப் படகின் அடியில் உள்ளே தள்ளி இருக்கிறது. 2015இல் வோல்வோ பென்டா கொண்டுவந்த ஃபார்வர்டு டிரைவில் ப்ராப்கள் முன்பக்கம் பார்த்து படகை இழுக்கின்றன. சர்ஃப் வேண்டும் என்றால் இந்த இரண்டு வகைப் படகு மட்டும்தான்.

---

கியர்கேஸ்:

@பின்னலை, த்ராட்டிலைக் கையால் பின்னிழுத்தால் போதும் என்ற வாதத்தை ஏற்கிறேன். ஆனால் 15 போட்டால் வெற்றுப் படகில் 5200ஐ நெருங்கும். படகை ஒருவரே ஓட்டுவதில்லை, குடும்பத்தில் வேறொருவர் கைக்கு வந்ததும் த்ராட்டிலை முழுக்கத் தள்ளினால் லிமிட்டரில் முட்டி முட்டி ஓடும். 35 கி.மீ.க்கே ஆர்பிஎம் 3300ஐத் தாண்டும், சத்தமும் எரிபொருளும் கூடும். ஆறு பேர், 450 கிலோ என்ற அளவுக்கு 17 முதலில். எட்டுப் பேர், 700 கிலோ என்றால் நீங்கள் சொல்வதே சரி.

நீர்மேடு, ஒன்று சொல்ல விட்டுப்போனது. தண்ணீர்ப் பைகளை எங்கே வைக்கிறீர்கள்? எல்லாம் பின்னால் என்றால் 9 விநாடிக்குப் பாதிக் காரணம் அதுதான். ஸ்டெர்ன்டிரைவில் எஞ்சினே பின்கோடியில் உட்கார்ந்திருக்கிறது. மூன்றில் ஒரு பங்காவது முன்னால் வையுங்கள், ஆட்களில் இரண்டு பேரை முன் இருக்கைக்கு அனுப்புங்கள். புறப்படும்போது டிரிம் (டிரைவின் சாய்வு) முழுக்க உள்ளே. ப்ராப் மாற்றும் முன்பே இதைச் செய்து மறுபடி அளந்தால்தான் ப்ராப் எவ்வளவு மாற்றியது என்று தெரியும். படகின் அடியில் பாசி படிந்திருந்தாலும் அதே கதி, முதலில் சுரண்டிக் கழுவிவிட்டு அளக்க வேண்டும்.

---

வி_டிரைவ்:

இந்த இழையிலேயே கேட்டுவிடுகிறேன், கேள்வி கிட்டத்தட்ட ஒன்றுதான். 22 அடி வி-டிரைவ் (எஞ்சின் பின்கோடியில், ஷாஃப்ட் வி வடிவில் திரும்பிப் போகும்) இன்போர்டு, 5.7 லிட்டர், கியர் 1.5. ப்ராப் நான்கு பிளேடு 14.5 × 14.25 (விட்டம் × பிட்ச், அங்குலத்தில்), கப் 0.105. கையேட்டு வரம்பு 4800 முதல் 5200. வெற்றுப் படகு 4900 தொடுகிறது. 1100 கிலோ பாலஸ்ட், எட்டுப் பேர் என்றால் 4150க்கு மேல் ஏறவில்லை. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 37 கி.மீ.யைப் பிடிக்க முடியாமல் மேலும் கீழும் அலைகிறது. விட்டத்தை 15க்குக் கூட்டினால் இழுவை கூடும் என்கிறார்கள். சரியா?

---

டேப்பர்ஷாஃப்ட்:

@வி_டிரைவ், இன்போர்டு கணக்கு கொஞ்சம் வேறு, தனியாகப் பார்க்க வேண்டும்.

விட்டம் கூட்டும் யோசனையை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். ஒரே ஆர்பிஎம்மில், ஒரே வடிவ விகிதத்தில், ப்ராப் கேட்கும் சக்தி விட்டத்தின் ஐந்தாம் அடுக்கில் ஏறும். 14.5ஐ 15 ஆக்கினால் 18 சதவீதம் கூடுதல் சக்தி வேண்டும். ஏற்கெனவே 4150இல் திணறும் எஞ்சினிடம் அது ஏது? பெரிய விட்டம் தண்ணீரை நன்றாகப் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் அதோடு பிட்சைக் கணிசமாகக் குறைத்தால்தான் பலன். பிளேடு நுனிக்கும் படகின் அடிப்பாகத்துக்கும் இடையே விட்டத்தில் 10 சதவீதமாவது இடைவெளி இருக்க வேண்டும். 14.5க்கு அது 37 மி.மீ. 15 போட்டால் தேவை 38 ஆகும், இருக்கும் இடைவெளியோ 6 மி.மீ. குறையும். இடைவெளி போதாவிட்டால் ஒவ்வொரு பிளேடும் கடக்கும்போது தரை உதறும், பொருத்தப்பட்ட திருகுகள் தளரும்.

பிட்சைக் குறையுங்கள். 19 பிட்சில் ஒரு அங்குலம் 5 சதவீதம்தான், 14.25இல் அதே ஒரு அங்குலம் 7 சதவீதம். இன்போர்டில் கால் அங்குலத்துக்கும் பொருள் உண்டு. உங்கள் சுமைக்கு 12.5 பார்க்கலாம், இப்போதிருப்பதைவிட 12 சதவீதம் குறைவு. 5200இல் அதன் வழுக்காத வேகம் மணிக்கு 66 கி.மீ., ஸ்லிப் போக 57, 58 கிடைக்கும். வேக்போர்டுக்கு 37, சர்ஃபுக்கு 16 முதல் 19, எதற்கும் குறைவில்லை. யாராவது அதே படகில் 58 கி.மீ.யில் ஸ்லாலம் ஸ்கீ போகிறவர் என்றால் மட்டும் 13இல் நிறுத்துங்கள்.

கப் எண்ணையும் மறக்காதீர்கள். பின்விளிம்பில் இருக்கும் அந்தச் சின்ன மடிப்பு அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்று குறிக்கப்படும். 0.105 என்றால் 2.7 மி.மீ., 0.150 என்றால் 3.8. கனத்த சுமையில் பிளேடு தண்ணீரை விட்டுவிடாமல் பிடித்துக்கொள்ள அது உதவும், ஆனால் ஆர்பிஎம்மைப் பொறுத்தவரை கூடுதல் பிட்ச் போலவே வேலை செய்யும். 12.5 பிட்ச் 0.150 கப்போடு வந்தால், 13 பிட்ச் குறைந்த கப்போடு சுற்றுவதை ஒத்திருக்கும். வேறொருவர் படகில் என்ன ப்ராப் நன்றாக ஓடுகிறது என்று விசாரிக்கும்போது விட்டம், பிட்ச், கப், கியர் ரேஷியோ நான்கையும் கேளுங்கள். ஒன்று விட்டாலும் ஒப்பிட முடியாது.

சுழலும் திசை அடுத்தது. படகின் பின்னால் நின்று முன்னோக்கிப் பார்க்கும்போது, முன்னே போகையில் கடிகாரத் திசையில் சுற்றினால் வலக்கை, எதிர்த்திசை என்றால் இடக்கை. இன்போர்டில் இரண்டும் உண்டு, ஹப்பில் பொறித்திருக்கும். ஷாஃப்ட் ஒரு அங்குலமா, ஒன்றே அரைக்கால் அங்குலமா என்று ஊகிக்காதீர்கள், வெர்னியரால் அளந்து பாருங்கள். ஆக்மி, ஓஜே போன்றவர்கள் நிக்கல்-அலுமினிய வெண்கலத்தில் கணினி இயந்திரத்தால் கடைந்து தரும் ப்ராப்களில் பிளேடுக்குப் பிளேடு வித்தியாசம் மிகக் குறைவு. பழைய வார்ப்பு ப்ராப்பிலிருந்து மாறினால் அதிர்வு குறைவதே தெரியும்.

மாட்டுவது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், கெடுவது பெரும்பாலும் இங்கேதான். இன்போர்டு ஷாஃப்ட் முனை 16க்கு 1 என்ற கூம்பு. ப்ராப் நிற்பது அந்தக் கூம்புப் பிடிப்பில். ஷாஃப்டுக்கும் ஹப்புக்கும் இடையே தடத்தில் உட்காரும் சின்னச் சாவி (உலோகக் கட்டை) இருக்கிறதே, அது திருகுவிசைக்குத் துணை மட்டுமே. கழற்ற புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) மட்டும் பயன்படுத்துங்கள். சுத்தியலால் தட்டினால் ஷாஃப்ட் வளையும், கியர்பாக்ஸ் பேரிங்குக்கும் அடி போகும். நட்டை முழுக்கக் கழற்றாமல் சில மரை விட்டு வையுங்கள், பிடிப்பு விட்டதும் ப்ராப் பாய்ந்து வெளியே வரும்.

புதியதை மாட்டும் முன் கூம்பையும் ஹப் உட்புறத்தையும் கரைப்பானால் துடைத்து எண்ணெய்ப் பசை இல்லாமல் உலர்த்துங்கள். சாவி இல்லாமல் ப்ராப்பைக் கையால் அழுத்தி ஏற்றி, அது எங்கே நிற்கிறதோ ஷாஃப்டில் மார்க்கரால் கோடு போடுங்கள். கழற்றி, சாவியை வைத்து மறுபடி ஏற்றுங்கள். அதே கோட்டுக்கு வர வேண்டும். வரவில்லை என்றால் சாவி ஹப்பின் கூரையில் முட்டுகிறது, ப்ராப் கூம்பில் உட்காரவே இல்லை. அப்படியே நட்டை இறுக்கினால் எல்லாம் கெட்டியாக இருப்பது போலத் தோன்றும், ஆனால் ப்ராப் மையம் விலகி ஓடும், சில நாளில் சாவித்தடம் பிளந்துவிடும். சாவியின் மேற்புறத்தை அரத்தால் கொஞ்சம் தேய்த்து மறுபடி பாருங்கள். பழைய ஷாஃப்டில் பள்ளம் மேடு இருந்தால் வால்வு தேய்க்கும் பசை தடவி, சாவி இல்லாமல் ப்ராப்பை முன்னும் பின்னும் திருப்பித் தேய்த்துப் பொருத்தி, பசையை ஒரு துளி மிச்சமில்லாமல் கழுவ வேண்டும். நைலான் நட்டு என்றால் ஒவ்வொரு தடவையும் புதியது. காட்டர் பின்னும் புதியது. முதல் ஓட்டத்துக்குப் பிறகு நட்டு இறுக்கத்தை ஒரு தடவை சரிபாருங்கள்.

---

நீர்மேடு:

அனைவருக்கும் நன்றி. சுவிட்சைத் திருப்பி டாக்கோவைச் சரிபார்த்தேன், வித்தியாசம் இல்லை. பைகளில் 170 கிலோவை முன்னால் மாற்றியதிலேயே 9 விநாடி 7 ஆனது. நான்கு பிளேடு ஸ்டெயின்லெஸ் 17 கைக்கு வந்துவிட்டது. ஸ்டெர்ன்டிரைவில் மாட்டும்போது கவனிக்க வேண்டியதையும் யாராவது சொன்னால் உதவி.

---

கியர்கேஸ்:

ஸ்டெர்ன்டிரைவில் கூம்பு இல்லை, ஸ்ப்ளைன் (ஷாஃப்டின் நீளவாக்குப் பற்கள்). வேலை எளிது, விட்டுப்போனால் வரும் சேதம் பெரிது.

எஞ்சின் சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியைத் துண்டித்து, கியரை நியூட்ரலில் வையுங்கள். பிளேடுக்கும் மேலே இருக்கும் தட்டையான தகட்டுக்கும் இடையே ஒரு மரத்துண்டு கொடுத்தால் ப்ராப் சுற்றாது, கையால் பிளேடைப் பிடிக்க வேண்டாம். பூட்டு வாஷரின் மடிந்த காதுகளை நிமிர்த்தி நட்டைக் கழற்றுங்கள். ப்ராப்பை எடுத்ததும் ஷாஃப்டில் கூம்பு வடிவ த்ரஸ்ட் வாஷர் ஒன்று இருக்கும், சில சமயம் பழைய ப்ராப்போடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அதை மறந்து புதிய ப்ராப்பை மாட்டினால் ஹப் கியர்கேஸில் (டிரைவின் கியர்கள் இருக்கும் உறையில்) உரசி, ஒரே ஓட்டத்தில் டிரைவைத் தின்றுவிடும். சாய்ந்த பக்கம் உள்நோக்கி, ஷாஃப்டின் சாய்வோடு பொருந்த வேண்டும்.

அந்த இடத்தில் மீன்பிடி நரம்பு சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். நரம்பு சீலை அறுத்து, கியர் எண்ணெய் வெளியே, தண்ணீர் உள்ளே போகும். எண்ணெய் பால் நிறத்தில் இருந்தால் ப்ராப் வேலையை நிறுத்திவிட்டு முதலில் சீல். ஸ்ப்ளைன் முழுக்க நீர்ப்புகா கிரீஸ் தடவுங்கள், இல்லாவிட்டால் அடுத்த தடவை கழற்ற முடியாது. நட்டு இறுக்கம் உங்கள் டிரைவுக்கான கையேட்டில் இருக்கும், மெர்குரூசர் ஆல்ஃபா வகைக்கு 75 நியூட்டன் மீட்டர். இறுக்கிய பிறகு வாஷர் காதுகள் மடிக்கும் இடத்துக்கு வரவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் இறுக்க வேண்டும், தளர்த்தக் கூடாது.

மாட்டியதும் ஹப்பின் உட்பகுதிக்கும் வெளிப் பகுதிக்கும் குறுக்கே பெயின்டால் ஒரு நேர்கோடு போட்டு வையுங்கள். பின்னால் ஒரு நாள் ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறாமல் போனால் கோட்டைப் பாருங்கள். கோடு உடைந்து விலகியிருந்தால் ஹப் சுற்றிவிட்டது. உடையவில்லை என்றால் ப்ராப் காற்றை உறிஞ்சுகிறது.

ஸ்டெயின்லெஸ் போட்டதால் பலி ஆனோடுகளையும் (டிரைவுக்குப் பதிலாகத் தாமே அரிந்து கரையும் உலோகத் துண்டுகள்) பார்த்துவிடுங்கள். அலுமினிய டிரைவும் ஸ்டெயின்லெஸ்ஸும் ஒரே தண்ணீரில் இருக்கும்போது அரிப்பு டிரைவைத்தான் தின்னும். நன்னீருக்கு மக்னீசியம், உப்பு நீருக்கு துத்தநாகம் அல்லது அலுமினியம். பாதி கரைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். அவற்றின் மேல் பெயின்ட் அடிக்கக் கூடாது.

---

நீர்மேடு:

அளவு எடுத்தாயிற்று. அதே ஆறு பேர், அதே 450 கிலோ: 4400 ஆர்பிஎம், மணிக்கு 60 கி.மீ. இரண்டு பேர், பாலஸ்ட் இல்லாமல்: 4850, 70 கி.மீ. 35 கி.மீ.க்கு இப்போது 3050. பிளேனுக்கு 5 விநாடி. 27 கி.மீ. வரை பிளேனில் நிற்கிறது. பக்கவாட்டில் வெட்டும்போது வேகம் ஒரு கி.மீ.கூட விழவில்லை.

சுமையில் வரம்பின் அடிவிளிம்பு, வெற்றில் 50 அதிகம். இதோடு விடலாமா?

---

கியர்கேஸ்:

விடலாம். சுமையில் ஸ்லிப் 17லிருந்து 15க்கும், வெற்றில் 11லிருந்து 10க்கும் வந்திருக்கிறது, நான்காவது பிளேடின் வேலை அது. உங்கள் 500 வித்தியாசமும் 450 ஆகச் சுருங்கியிருக்கிறது. வெற்றுப் படகில் 4800இல் த்ராட்டிலை நிறுத்துங்கள், ஓட்டுகிற எல்லோருக்கும் அதைச் சொல்லி வையுங்கள்.

உயரமான ஏரிக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால், அல்லது பாலஸ்ட் கூடப்போகிறது என்றால், ப்ராப் பட்டறையில் கொடுத்து இதையே 16க்கு இறக்கச் சொல்லலாம், ஸ்டெயின்லெஸ் ஒரு அங்குலத்தைத் தாங்கும். சுமையில் 4550 வாக்கில் நிற்கும். பழைய அலுமினியத்தை அப்படி வளைக்கக் கொடுக்காதீர்கள், உலோகம் சோர்ந்து பிளேடு அடியில் விரிசல் விடும். அதை நட்டு, வாஷர், மரத்துண்டு, ரெஞ்சோடு படகிலேயே உபரியாக வையுங்கள்.

---

பின்னலை:

எண்களைப் பார்த்த பிறகு 17ஐ ஒப்புக்கொள்கிறேன், முன்னால் மாற்றிய 170 கிலோவும் சேர்ந்துதான் இதைச் சாத்தியமாக்கியது. வெயில் உச்சத்தில், டேங்க் நிறைந்திருக்கும் நாளில் ஒரு தடவை சுமையோடு அளந்து பாருங்கள். 4300க்குக் கீழே போனால் அன்றைக்கு 100 கிலோ தண்ணீரை இறக்கிவிட்டு ஓட்டுங்கள்.

ஒரு வேண்டுகோள். நான்கு பிளேடு குறைந்த வேகத்திலும் தண்ணீரை வலுவாகப் பிடிக்கும், கியர் போட்டதும் படகு முன்பைவிட வேகமாக நகரும். போர்டிலிருந்து விழுந்தவரை ஏற்றும்போது நியூட்ரல் போதாது, எஞ்சினை அணைத்துவிடுங்கள்.

---

வி_டிரைவ்:

12.5 பிட்ச், 0.105 கப் சொல்லியிருக்கிறேன். சாவி இல்லாமல் கோடு போடும் சோதனையைப் பழைய ப்ராப்பிலேயே செய்து பார்த்தேன், சாவியோடு ஏற்றினால் கோட்டுக்கு 3 மி.மீ. முன்னாலேயே நின்றுவிடுகிறது. அதிர்வுக்கு இதுவும் காரணமா?

---

டேப்பர்ஷாஃப்ட்:

ஆம், 3 மி.மீ. மிக அதிகம். ப்ராப் இத்தனை நாளும் சாவியில் தொங்கியிருக்கிறது. ஷாஃப்டின் சாவித்தட மூலைகளில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று ஊடுருவும் சாயம் தடவிப் பாருங்கள், இருந்தால் ஷாஃப்டை மாற்றாமல் புதிய ப்ராப்பை ஏற்றாதீர்கள். விரிசல் இல்லை என்றால் புதிய சாவி வாங்கி, உயரத்தைத் தேய்த்துக் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். சாவியின் மேல் முகத்துக்கும் ஹப்புக்கும் இடையே மெல்லிய இடைவெளி தெரிய வேண்டும், பக்க முகங்கள் மட்டும் ஆட்டமில்லாமல் பொருந்த வேண்டும்.